ஒரே சட்டியில், பாலின்றி: வேலைநாள் மாலைக்கு ஒரு பாஸ்தா

(குடும்பங்களுக்கான உணவும் உடல்நலமும் பற்றிய மாலை அமர்வுக்கென ஆயத்தம் செய்யப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மொன்றியலில் வேலைநாளொன்றின் மாலை ஆறு மணி என்பது பல குடும்பங்களுக்கு நெருக்கடியான நேரமாகும். வேலை முடிந்து பேருந்திலும் மெற்றோவிலும் வந்து சேர்ந்த பெற்றோர், பிள்ளையைப் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்திலிருந்து அழைத்து வந்து, குளிருடைகளைக் களைந்து, அரை மணித்தியாலத்துக்குள் மேசையில் உணவை வைக்கவேண்டியிருக்கிறது. சில வீடுகளில் இரவு வேலைக்குப் புறப்படும் ஒருவரும் அதே உணவுக்காகக் காத்திருக்கிறார். வீட்டில் ஒருவருக்குப் பால் ஒத்துக்கொள்ளாதெனில் இந்தச் சிரமம் மேலும் பெருகுகிறது. இந்நகரில் விரைவாகக் கிடைக்கும் உணவுகளில் பெரும்பாலானவை பாலையும் பாற்கட்டியையும் நம்பியவை. பிள்ளைகள் விரும்பும் பீட்சா, பாற்கட்டி சேர்த்த மக்கரோனி, க்ரீம் சூப் ஆகிய அனைத்திலும் பால் உண்டு.

இந்த உரை இரண்டு விடயங்களைப் பற்றியது. ஒன்று, பால் சேராத ஒரு பாஸ்தாவை ஒரே சட்டியில் அரை மணித்தியாலத்தில் சமைப்பது. மற்றையது, அதற்கு வாங்கும் பொருள்களில் உண்மையாகவே பால் இல்லை என்பதைப் பொதியின் மீதுள்ள எழுத்தைக் கொண்டு உறுதிசெய்வது. இரண்டாவது செய்யப்படாவிடின் முதலாவதனால் பயனில்லை. ஆகையால் பொதியிலிருந்தே தொடங்குவது பொருத்தமாகும்.

ஒத்துக்கொள்ளாமை இரு வகைப்படும்

"பால் ஒத்துக்கொள்ளாது" என்று தமிழில் பொதுவாகக் கூறப்படுவதில் முற்றிலும் வேறுபட்ட இரு நிலைமைகள் அடங்கியுள்ளன. முதலாவது, லாக்டோஸ் செரியாமை. பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கச் செய்யும் நொதியம் வயது வளர வளர பலருக்கும் குறைந்துவிடுகிறது. தெற்காசிய மக்களிடையே இது மிகப் பரவலாகக் காணப்படும் நிலைமை. வயிறு ஊதுதல், வயிற்றுவலி, வயிற்றோட்டம் ஆகியன ஏற்படும். தொல்லை தருவதாயினும் உயிருக்கு ஆபத்தானதன்று. இத்தகையோருட் பலர் சிறிதளவு தயிரையோ நாட்பட முதிர்ந்த பாற்கட்டியையோ சிரமமின்றி உண்பர்.

இரண்டாவது, பால் ஒவ்வாமை. இங்கு பிரச்சினை சர்க்கரையன்று, பாலிலுள்ள புரதம். உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி அப்புரதத்தைப் பகைப்பொருளெனக் கருதி எதிர்வினை புரிகிறது. சிறு அளவும் போதும். தோலில் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், வாந்தி, மூச்சுத் திணறல் என விரைவாக முற்றி உயிராபத்தாகவும் மாறக்கூடும். சிறு பிள்ளைகளிடையே மிகுதியாகக் காணப்படும் உணவு ஒவ்வாமைகளுள் இதுவும் ஒன்று.

இவ்வேறுபாட்டை அறியாமல் கடையில் பொருள் வாங்குவது ஆபத்தானது. "லாக்டோஸ் அற்றது" என்று எழுதப்பட்ட பாலில் சர்க்கரை மட்டுமே மாற்றப்பட்டுள்ளது. புரதம் அப்படியே இருக்கிறது. முதல் வகையினருக்கு அது ஏற்றது. இரண்டாம் வகையினருக்கு அது சாதாரணப் பாலுக்கு நிகரானது. நெய்யும் அவ்வாறே, அதில் புரதத்தின் எச்சம் தங்கியிருக்கலாம். ஆட்டுப்பாலின் புரதம் பசும்பாலின் புரதத்தை ஒத்திருப்பதால் அதுவும் மாற்றாகாது. எந்த வகை என்பதை மருத்துவரே தீர்மானிக்கவேண்டும். வீட்டு அனுமானத்தின் பேரில் சிறு பிள்ளையின் உணவிலிருந்து பாலை நீக்குவதும், எச்சரிக்கப்பட்ட பிள்ளைக்கு "கொஞ்சம்தானே" என்று கொடுப்பதும் ஒருங்கே தவிர்க்கப்படவேண்டியவை.

பொதியில் தேடவேண்டிய ஒரு சொல்

கனடாவில் பொதிசெய்யப்பட்ட உணவின் மீது ஒவ்வாமைப் பொருள்களை வெளிப்படையாகக் குறிப்பிடவேண்டும் என்னும் கடுமையாக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் 2012 ஆகஸ்ட் 4ஆம் திகதி நடைமுறைக்கு வந்தன. பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி முதலிய மரக்கொட்டைகள், எள், சோயா, கோதுமை, கடுகு, மீன், இறால் நண்டு முதலிய ஓட்டுயிரினங்கள், சிப்பி கணவாய் முதலிய மெல்லுடலிகள் ஆகியன முன்னுரிமை ஒவ்வாமைப் பொருள்களாக வகுக்கப்பட்டுள்ளன. இவற்றுள் ஒன்றிலிருந்து பெறப்பட்ட சேர்மானம் உணவில் இருப்பின், அதன் மூலப்பொருளைப் பொதுமக்கள் அறிந்த பெயரால் எழுதுவது கட்டாயம். சேர்மானப் பட்டியலிலோ அதன் கீழுள்ள "கொண்டுள்ளது" என்னும் கூற்றிலோ அது இடம்பெறவேண்டும்.

இவ்விதியின் பயன் பெரிது. பாலிலிருந்து பெறப்படும் சேர்மானங்களுக்குக் கசேயின், கசேயினேற், லாக்டோசெரம் எனப் பல பெயர்கள் உள்ளன. ஆங்கிலத்தையோ பிரெஞ்சையோ அண்மையில் கற்கத் தொடங்கிய ஒருவர் இவை அனைத்தையும் மனனம் செய்வது கடினம். ஆனால் விதிப்படி எழுதப்பட்ட பொதியில் "பால்" என்னும் எளிய சொல் எங்கோ ஓரிடத்தில் இருந்தே ஆகவேண்டும். பிரெஞ்சில் அச்சொல் "லே" என ஒலிக்கும். எல், ஏ, ஐ, டி என்னும் நான்கு எழுத்துகளால் ஆனது. ஆங்கிலத்தில் அது "மில்க்". "கொண்டுள்ளது" என்பதற்குப் பிரெஞ்சில் "கோந்தியான்" என்னும் சொல் வரும். பட்டியல் முடிந்தவுடன் அச்சொல்லைத் தேடி, அதைத் தொடர்ந்து "லே" உள்ளதா என்று பார்ப்பது முதற்பணி. அது இல்லாவிடின் பட்டியல் முழுவதையும் ஒருமுறை வாசிப்பது இரண்டாம் பணி.

"கொண்டிருக்கக்கூடும்" என்னும் மற்றொரு கூற்றும் உண்டு. பிரெஞ்சில் அது "பூ கோந்த்னீர்". ஒரே இயந்திரத்தில் பால் சேர்ந்த பொருளும் தயாரிக்கப்படுவதால் தற்செயலாகக் கலந்திருக்கலாம் என்பது இதன் பொருள். இங்கு கவனிக்கவேண்டிய சட்ட நுணுக்கம் ஒன்றுண்டு. "கொண்டுள்ளது" எனப்படும் சேர்மானத்தை அறிவிப்பது கட்டாயம். "கொண்டிருக்கக்கூடும்" என்னும் எச்சரிக்கையோ உற்பத்தியாளர் தாமாக முன்வந்து எழுதுவது. ஆகையால் அவ்வெச்சரிக்கை இருப்பின் ஒவ்வாமை உள்ளவர் அப்பொருளைத் தவிர்க்கவேண்டும். இல்லாதிருப்பதைக் கொண்டு முழு உத்தரவாதம் உண்டென்று முடிவுகட்டலாகாது. ஐயமெழுந்தால் பொதியிலுள்ள தொலைபேசி இலக்கத்தில் உற்பத்தியாளரைக் கேட்கலாம்.

கடைக்காரர் பெரிய மூடையிலிருந்து எடுத்துச் சிறு பைகளில் கட்டி, சேர்மானப் பட்டியலின்றி விற்கும் கலவைத் தூள்களும் தின்பண்டங்களும் ஒவ்வாமை உள்ள வீட்டுக்கு ஏற்றவையல்ல. வாசிப்பதற்கு எழுத்தில்லாத பொதியை நம்புவதற்கு அடிப்படையும் இல்லை.

தேங்காய்ப்பாலிலும் பால் இருக்கலாம்

தமிழ்ச் சமையலுக்குப் பாலின்றிச் சமைப்பது புதிதன்று. யாழ்ப்பாணத்துச் சொதி தேங்காய்ப்பாலில் கொதித்து, தேசிக்காய்ப் புளியில் முடிவது. க்ரீம் இல்லையே என்று அச்சட்டியைப் பார்த்து எவரும் குறைப்பட்டதில்லை. எனவே பாஸ்தாவுக்கும் தேங்காய்ப்பாலைப் பயன்படுத்துவது இயல்பாகவே தோன்றும்.

எனினும் எதிர்பாராத ஆபத்து ஒன்று இங்கேதான் உள்ளது. பொதிகளில் விற்கப்படும் தேங்காய்ப்பால் தூள் பலவற்றில் சோடியம் கசேயினேற் சேர்க்கப்படுகிறது. தேங்காய் எண்ணெயைத் தூளாக்கி, நீரில் கரையச் செய்வதற்கு அது உதவுகிறது. கசேயினேற் என்பது பசும்பாலின் புரதமே. பெயரில் தேங்காய், படத்தில் தேங்காய், உள்ளே பாற்புரதம். கோப்பிக்கு இடும் "பாலற்ற" வெண்மைத் தூள்களிலும் இதே பொருள் பெரும்பாலும் இருக்கிறது. தகரப்பேணியில் வரும் திரவத் தேங்காய்ப்பால் பொதுவாகத் தேங்காய், நீர், திண்மமூட்டும் பசை ஆகியவற்றால் மட்டுமே ஆனது. இருப்பினும் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் வாசிக்கவேண்டும். ஏனெனில் வழக்கமாக வாங்கும் பொருளின் சேர்மானமும் முன்னறிவித்தலின்றி மாறக்கூடும்.

தேங்காயைக் கனடிய ஒவ்வாமை விதிகள் மரக்கொட்டையாகக் கொள்வதில்லை. முந்திரிப்பருப்பு மரக்கொட்டையாகும். க்ரீமுக்கு மாற்றாக முந்திரியை அரைத்து ஊற்றும் முறை பலராலும் கைக்கொள்ளப்படுகிறது. பிள்ளையின் பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்பும் உணவில் அதைத் தவிர்ப்பது நல்லது. தாளிதத்துக்கு இடும் கடுகும், நல்லெண்ணெய்க்கு மூலமான எள்ளும் கனடாவின் முன்னுரிமைப் பட்டியலில் உள்ளவை. பிற பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து உணவளிக்கும்போது இவற்றைப் பற்றியும் பெற்றோரிடம் முன்கூட்டியே கூறவேண்டும்.

ஒரே சட்டி ஏன்?

பாஸ்தா இந்நகருக்குப் புதிய உணவன்று. இத்தாலியிலிருந்து குடிபெயர்ந்து வந்த கத்தெல்லி என்பவர் 1867இல், கனடியக் கூட்டாட்சி உருவான அதே ஆண்டில், மொன்றியலில் பாஸ்தாத் தொழிலைத் தொடங்கினார். அவரது பெயர் தாங்கிய பொதிகள் இன்றும் கடைகளில் உள்ளன. உலர்ந்த பாஸ்தா பெரும்பாலும் டுரம் என்னும் கடினக் கோதுமையின் ரவையால் ஆனது. அக்கோதுமையைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் நாடு கனடா. உலர்ந்த சாதாரணப் பாஸ்தாவில் வழமையாகப் பால் இராது. குளிரூட்டியில் வைத்து விற்கப்படும் பச்சைப் பாஸ்தாவில் முட்டையும், உள்ளீடு நிரப்பியவற்றில் பாற்கட்டியும் இருக்கலாம்.

வழக்கமான முறையில் நிறைய நீரில் பாஸ்தாவை அவித்து, நீரை வடித்து, வேறொரு தாச்சியில் குழம்பைத் தயாரித்து இரண்டையும் சேர்ப்பர். அளவான நீரில் அனைத்தையும் ஒன்றாக வேகவைக்கும் முறை, 2013இல் மார்த்தா ஸ்டூவர்ட் சஞ்சிகையில் வெளியான செய்முறையொன்றின் பின்னர் வட அமெரிக்காவில் பெரிதும் பரவியது. கஞ்சியும் பொங்கலும் ஒடியற்கூழும் சமைக்கப் பழகியவருக்கு இதன் தத்துவம் விளங்கும். நீரை வடிக்காதபோது பாஸ்தாவிலிருந்து கரையும் மாப்பொருள் சட்டியிலேயே தங்குகிறது. அம்மாப்பொருளே நீரையும் தேங்காய்ப்பாலின் கொழுப்பையும் பிரியாமல் பிணைத்து, க்ரீம் சேர்த்தது போன்ற தடிப்பைத் தருகிறது.

ஒவ்வாமை உள்ள வீட்டில் இம்முறைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. ஒரு சட்டி, ஓர் அகப்பை, ஒரு வெட்டுப்பலகை மட்டுமே பயன்படுவதால், அவை மூன்றையும் சவர்க்காரமும் சுடுநீரும் கொண்டு முதலில் கழுவினால் போதும். முன்தினம் பாற்கட்டி ஒட்டியிருந்த வடிதட்டின் துளைகளில் எச்சம் தங்கியிருக்குமோ என்ற அச்சத்துக்கு இடமில்லை. கைகளையும் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். கைகளில் தடவும் கிருமிநீக்கித் திரவம் பாற்புரதத்தை அகற்றாது.

செய்முறை

நால்வருக்குத் தேவையானவை:

- குறுகிய வடிவப் பாஸ்தா (பென்னே அல்லது ஃபுசில்லி): 350 கிராம்
- மைசூர்ப் பருப்பு: 100 கிராம்
- தகரப்பேணித் தேங்காய்ப்பால்: 400 மில்லிலீற்றர்
- நீர்: 1 லீற்றர், மேலதிகமாக ஒரு கோப்பைச் சுடுநீர்
- வெங்காயம் 1, உள்ளி 4 பல், தக்காளி 2, பச்சைமிளகாய் 1 அல்லது 2
- கீரை (கேல் அல்லது பசளி): நறுக்கியது இரண்டு கைப்பிடி
- வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை ஒரு நெட்டு
- தாவர எண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, தேசிக்காய் 1

அகன்ற சட்டியில் எண்ணெயைச் சூடாக்கி, வெந்தயம், வெங்காயம், உள்ளி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றை மூன்று நிமிடம் வதக்கவேண்டும். வெந்தயம் கருகினால் கசக்கும். கழுவிய பருப்பு, மஞ்சள், ஒரு லீற்றர் நீர் ஆகியவற்றைச் சேர்த்து, கொதித்த பின் ஐந்து நிமிடம் வேகவிடவேண்டும். நீரை முன்னதாகவே கெற்றிலில் கொதிக்கவைத்திருந்தால் நேரம் மிச்சமாகும்.

அடுத்து பாஸ்தா, நறுக்கிய தக்காளி, உப்பு, நான்கில் ஒரு பங்கு தேங்காய்ப்பால் ஆகியவற்றைச் சேர்த்து, மூடாமல் மிதமான கொதியில் வைக்கவேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறையேனும் அடிவரை கிளறுவது அவசியம். மாப்பொருள் வெளியேறும் நிலையில் அடிப்பிடிப்பது இலகு. பொதியில் குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே ஒரு துண்டைச் சுவைத்துப் பார்க்கவேண்டும். வேகாமல் நீர் வற்றினால் சுடுநீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். குறைந்த நீரில் வேகுவதால் ஓரிரு நிமிடம் கூடுதலாகத் தேவைப்படுவது இயல்பு.

பாஸ்தா வெந்ததும் கீரையையும் மீதித் தேங்காய்ப்பாலையும் சேர்த்து, அடுப்பைத் தணித்து இரண்டு நிமிடம் வைத்திருக்கவேண்டும். இப்போது பலமாகக் கொதிக்கவிட்டால் பால் திரியும். ஊர் அடுக்களையில் இரண்டாம் பாலில் வேகவைத்து முதற்பாலை இறுதியில் ஊற்றும் அதே ஒழுங்குதான் இங்கும் பின்பற்றப்படுகிறது. அடுப்பை அணைத்த பின்னரே தேசிக்காய்ப் புளியைச் சேர்த்து, மூன்று நிமிடம் மூடிவைத்துப் பரிமாறலாம். இறக்கும்போது சற்றுத் தளர்வாகத் தோன்றினாலும் மேசைக்குச் செல்வதற்குள் தடித்துவிடும்.

உப்பைப் பற்றி ஒரு குறிப்பு. வடிக்கும் முறையில் உப்பின் பெரும்பகுதி நீருடன் போய்விடுகிறது. இங்கு இட்டதெல்லாம் உணவிலேயே தங்கும். ஆகவே ஒரு தேக்கரண்டிக்கு மேல் இடாமல், இறுதியில் சுவைத்துப் பார்த்துச் சரிசெய்வதே முறை. சூப்புக் கட்டிகளைப் பயன்படுத்துவோர் அவற்றிலும் உப்பு மிகுந்திருப்பதையும், சிலவற்றில் பால் சேர்ந்திருப்பதையும் கவனிக்கவேண்டும்.

மீதியான உணவை இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிரூட்டியில் வைக்கவேண்டும். மறுநாள் சிறிது நீர் சேர்த்து, ஆவி பறக்கும்வரை சூடாக்கினால் பழைய பதம் திரும்பும். பிள்ளையின் மதிய உணவுக்கு அனுப்புவதாயின், வெப்பக்குடுவையில் முதலில் கொதிநீரை ஊற்றிச் சில நிமிடம் வைத்து, அதைக் கொட்டிய பின் சூடான உணவை நிரப்பவேண்டும்.

பால் நீங்கினால் எது ஈடு?

சுவையில் தேங்காய்ப்பால் க்ரீமுக்கு ஈடாகலாம். ஊட்டத்தில் அது பசும்பாலுக்கு ஈடாகாது. அதில் புரதமும் கல்சியமும் மிகக் குறைவு, நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. ஆகையாலேயே இச்செய்முறையில் புரதத்துக்காகப் பருப்புச் சேர்க்கப்பட்டுள்ளது. கீரைகளுள் கேலில் உள்ள கல்சியம் உடலில் நன்கு சேரும். பசளியிலுள்ள கல்சியத்தை அதன் ஒட்சலேற் தடுத்துவிடுகிறது.

2019இல் வெளியான கனடாவின் உணவு வழிகாட்டி, பாலைத் தனியொரு பிரிவாக வைக்காமல், பருப்பு, மீன், முட்டை, சோயா ஆகியவற்றுடன் புரத உணவுகளுள் ஒன்றாக வைத்துள்ளது. பால் நீக்கப்பட்ட உணவிலும் சமநிலை காணலாம் என்பதற்கு இது ஆதாரம். எனினும் கனடாவில் விற்கப்படும் பசும்பாலில் விற்றமின் டி சேர்ப்பது கட்டாயமாயிருக்க, தாவரப் பானங்களில் அவ்வாறன்று. "ஊட்டம் சேர்க்கப்பட்டது" எனக் குறித்த சோயாப் பானத்தைத் தெரிவுசெய்யவேண்டும். பிரெஞ்சில் அச்சொல் "ஆன்ரிஷி" என ஒலிக்கும். வெயில் குறைந்த மொன்றியல் குளிர்காலத்தில் பிள்ளைகளுக்கு விற்றமின் டி தனியே தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்டறிவது நன்று.

உதவி பெறும் வழிகள்

உணவு உண்டவுடன் மூச்சுத் திணறலோ, முகவீக்கமோ, மயக்கமோ ஏற்பட்டால் எபிநெப்ரின் ஊசி இருப்பின் உடனே செலுத்தி 911ஐ அழைக்கவேண்டும். ஊசிக்குப் பின் தேறிவிட்டதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குச் செல்வது அவசியம். அவசரமல்லாத உடல்நல ஐயங்களுக்கு 811 என்னும் இலக்கத்தில் இன்ஃபோ-சாந்தே தாதியருடன் பேசலாம். நகரச் சேவைகள் பற்றிய வினாக்களுக்கு 311. பொதியில் அறிவிக்கப்படாத ஒவ்வாமைப் பொருள் கண்டறியப்பட்டு உணவு மீளப்பெறப்படும்போது, கனடிய உணவுப் பரிசோதனை முகவரகம் வெளியிடும் அறிவித்தல்களை மின்னஞ்சலில் இலவசமாகப் பெறலாம்.

பிள்ளையின் ஒவ்வாமையைப் பராமரிப்பு நிலையத்துக்கும் பாடசாலைக்கும் எழுத்தில் அறிவிப்பது பெற்றோரின் கடமை. வாய்மொழியாகச் சொன்னது ஊழியர் மாறும்போது மறைந்துவிடும். எழுத்தில் கொடுத்தது கோப்பில் நிற்கும். வீட்டிலுள்ள பாட்டன் பாட்டியருக்கும் இதைத் தமிழில் எழுதிக் குளிரூட்டியின் கதவில் ஒட்டிவைப்பது பயன் தரும். அன்பின் மிகுதியால் ஊட்டப்படும் ஒரு கரண்டித் தயிர்ச்சோறும் ஆபத்தாகலாம் என்பதை அவர்களுக்குப் பொறுமையுடன் விளக்கவேண்டும்.

பலர் சேர்ந்து சமைத்து, செலவையும் உணவையும் பகிர்ந்துகொள்ளும் கூட்டுச் சமையலறைகள் 1980களின் தொடக்கத்தில் மொன்றியலின் ஹோஷலாகா-மேசன்னேவ் பகுதியில் தோன்றி, பின்னர் கியூபெக் எங்கும் பரவின. இத்தகைய செய்முறையை அங்கு ஒருமுறை சேர்ந்து செய்துபார்ப்பது, பொதி வாசிக்கும் பழக்கத்தையும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வாய்ப்பளிக்கும்.

இந்த உரையிலிருந்து ஒன்றை மட்டும் கொண்டுசெல்ல விரும்புவோர் "லே" என்னும் நான்கெழுத்துச் சொல்லைக் கொண்டுசெல்லட்டும். அடுத்த முறை கடையில் தேங்காய்ப்பாலை எடுக்கும்போது, கூடையில் இடுவதற்கு முன் பொதியைத் திருப்பி அதைத் தேடிப் பார்க்கட்டும்.